தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறையினரும் மூன்று விதமாக விடை சொல்வார்கள். பாட்டனார், "இரண்டு இராத்திரி, ஒரு பகல்" என்பார். தந்தையார், "ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்" என்பார். பள்ளிக்குச் செல்லும் பேரனோ, "இரண்டே முக்கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டு, இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல் நம்மைப் பார்ப்பான். மூவர் கூற்றும் மெய்யே. பாட்டனார் தாம் கழித்த இரவுகளை எண்ணிச் சொன்னார். தந்தையார் இருப்புப்பாதையின் நீளத்தைச் சொன்னார். பேரன் விமானச் சீட்டில் அச்சிட்ட நேரத்தைச் சொன்னான். இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவது விடையும் ஒன்று உண்டு. ஊரிலிருந்து துயரச் செய்தி வரும் நாளில் நம்மவர் ஒவ்வொருவரும் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கு அது. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் வெறும் தூரத்தைப் பார்ப்போம்.

தில்லிப் பாலம் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு நேர்கோட்டில் அளந்தால் 1,760 கிலோமீட்டர். பழைய மைல் கணக்கில் 1,094 மைல். நேர்கோடு என்று பேச்சுக்குச் சொன்னாலும், உருண்டையான பூமியின்மேல் இழுத்துக் கட்டிய நூல்போல் அமைந்த வளைவுதான் அது. ஆரஞ்சுப் பழத்தின் மீது இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றினிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் குழந்தைகளுக்கும் இது விளங்கும். இருப்புப்பாதை வழியோ 2,180 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதுரா, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இடார்சி, நாகபுரி, பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, கூடூர் என்று வளைந்து வளைந்து செல்வதால் அதன் நீளம் 420 கிலோமீட்டர் மிகுகின்றது. சாலை வழியும் ஏறத்தாழ இதே அளவுதான்.

வரைபடத்தில் அந்த நேர்கோட்டை வரைந்து பார்த்தால் அது கடக்கும் ஆறுகளின் வரிசையே ஒரு பாடமாக அமைகின்றது. சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை, பெண்ணை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பெண்ணை என்றது நெல்லூரை அடுத்துக் கடலில் கலக்கும் வடபெண்ணையை. யமுனையின் கரையிலே புறப்பட்டு இத்தனை ஆறுகளைத் தாண்டித்தான் நாம் கூவத்தின் கரைக்கு வந்து சேர்கிறோம்! இரயிலில் சென்ற காலத்தில் ஒவ்வொரு பாலமும் பெரும் ஓசை எழுப்பித் தன்னை அறிவித்தது. காசு எடுத்து ஆற்றில் எறியச் சொல்லிப் பாட்டிமார் பேரக் குழந்தைகளை எழுப்பினார்கள். நாகபுரி ஆரஞ்சும் விஜயவாடாவில் கிடைத்த தயிர்ச்சோறும் அக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பாரதத்தின் பூகோளத்தைக் கற்பித்தன. விமானத்தில் செல்லும் பிள்ளைக்கு அந்தப் பூகோளம் மேகத்துக்கு அடியில் மறைந்து போகின்றது. இது ஓர் இழப்பு என்றே நான் கருதுகிறேன்; ஆயினும் அதற்காக இரண்டு இரவுகளைச் செலவிடுங்கள் என்று யாரையும் வற்புறுத்தத் துணிவு இல்லை.

இந்தத் தூரத்தை முதன்முதலில் அளக்கத் தொடங்கியவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பதை நம்மவரில் பலர் அறியார். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகே நிமிர்ந்து நிற்கும் பரங்கிமலையின் அடிவாரந்தான் அந்த இடம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை உருக்குச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காக அதன்மேல் நிழல் அமைத்து, வெப்பநிலையைக் குறித்துக் குறித்து அளந்தனர். அந்த ஓர் அளவை ஆதாரமாகக் கொண்டு, மலை உச்சிகளிலும் கோயிற் கோபுரங்களிலும் கோணமானியை ஏற்றி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கு நோக்கிப் பாரதத்தை அளந்துகொண்டே சென்றார்கள். லாம்டன் அந்தப் பணியின் முடிவைக் காணவில்லை. 1823ஆம் ஆண்டு சனவரியில், நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்து வார்தா மாவட்டத்திலுள்ள ஹிங்கன்காட் என்னும் ஊரில் இறந்தார். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கின்றது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை ஏற்று, 1841ஆம் ஆண்டளவில் இமயத்தின் அடிவாரம் வரையில் கொண்டு சென்று முடித்தார்.

இதிலே வியப்பு என்னவென்றால், தில்லி, சென்னை விமான நிலையங்களை இணைக்கும் நேர்கோட்டை நாம் வரைந்தால், அது ஹிங்கன்காட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளாகவே செல்கின்றது. அக்கோட்டின் நடுப்புள்ளியும் அவ்வூருக்குச் சற்று வடக்கே விழுகின்றது. தென்முனையில் அளக்கத் தொடங்கியவர் இருபது ஆண்டுகள் கடந்து, சரியாகப் பாதி வழியில் ஓய்ந்துவிட்டார் என்று சொல்லலாம். அந்தப் பாதித் தொலைவை இன்று நாம் ஒரு குவளைத் தேநீர் அருந்தி, ஒரு திங்களிதழைப் புரட்டி முடிப்பதற்குள் கடந்துவிடுகிறோம்.

நடுப்புள்ளியைப் பற்றிச் சொல்லும்போது நாகபுரியைச் சொல்லாமல் இருக்க இயலாது. நாகபுரி விமான நிலையம் மேற்சொன்ன நேர்கோட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருக்கின்றது. நாற்பது கிலோமீட்டர் விலகல் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் தில்லியிலிருந்து நாகபுரிக்கு ஏறக்குறைய 855 கிலோமீட்டர். நாகபுரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 908 கிலோமீட்டர். கூட்டிப் பாருங்கள்: நேர்வழியைக் காட்டிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் அதிகம். பம்பாயிலிருந்து நாகபுரி ஏறக்குறைய 680 கிலோமீட்டர், கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 980. நான்கு மாநகரங்களுக்கும் நடுவிலே பூமி தானே அமைத்துக் கொடுத்த முற்றம்போல் அது அமைந்திருக்கின்றது.

அந்த முற்றத்தை நன்கு பயன்படுத்திய திட்டம் ஒன்று சுதந்திர பாரதத்தின் தொடக்க ஆண்டுகளில் உருவாயிற்று. அப்போது தகவல் தொடர்பு அமைச்சராக இருந்தவர் இரஃபி அகமது கித்வாய். அவர் காலத்தில், 1949ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில், இரவு விமான அஞ்சல் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் நான்கு விமானங்கள் புறப்பட்டு, நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் ஒன்றுகூடும். அஞ்சற் பைகளும் பிரயாணிகளும் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவர். பிறகு அவை பொழுது விடிவதற்குள் தத்தம் நகரத்திற்குத் திரும்பிச் சேரும். அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, உள்நாட்டுக் கடிதங்களைத் தனிக் கட்டணம் இன்றியே விமானத்தில் கொண்டு செல்லும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது.

இதன் பயனை யார் உணர்ந்தார்களோ இல்லையோ, வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உணர்ந்தன. அதற்கு முன்பு ஊரிலிருந்து வரும் கடிதம் இரயிலேறி, நம்மைப் போலவே இரண்டு இரவுகள் தூங்கிவிட்டுத்தான் வந்தது. 'காய்ச்சலாக இருக்கிறது' என்று எழுதிய கடிதம் கைக்குக் கிடைக்கும் வேளையில் காய்ச்சல் தணிந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும். இரவு விமானம் வந்த பிறகு, மாலையில் சென்னையில் அஞ்சற் பெட்டியில் இட்ட மடல் மறுநாளே தில்லியில் தபால்காரர் கைக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகையும் பரீட்சைத் தேர்ச்சியும் பேறுகாலச் செய்தியும் ஓரிரவிலே ஆயிரத்து எழுநூற்று அறுபது கிலோமீட்டர் கடந்தன. ஆளைச் சுமந்து வருவதற்கு முன்னமே விமானம் நமக்குக் கடிதத்தைச் சுமந்து வந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஏனெனில் அக்காலத்தில் விமானச் சீட்டு வாங்கும் வசதி உடையவர் நம்மில் மிகச் சிலரே. எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் மாதச் சம்பளத்திற்கு வந்தவர்களுக்கு மூன்றாம் வகுப்பு இரயிற் பெட்டியே கதி.

அந்த இரவுப் பயணத்தைத் தொடக்கத்தில் ஓட்டியவை டக்கோட்டா விமானங்கள். மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில் செல்லும் விமானம் அது. கணக்கிட்டுப் பார்த்தால் தில்லியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் மட்டுமே ஆறேகால் மணி. நாகபுரியில் தங்கும் நேரத்தையும் சேர்த்தால் முழு இரவும் கழிந்துவிடும். 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், நாட்டில் இயங்கிய எட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவப் பெற்றது. 1957இல் வைக்கவுண்ட் விமானம் வந்தது. அது மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும். 1964இல் காரவெல் என்னும் ஜெட் விமானம் வந்ததும் வேகம் 800 கிலோமீட்டர் ஆயிற்று. இரவு அஞ்சற் சேவை 1973இல் நின்றுபோயிற்று.

வாசக அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1949க்கும் 1964க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் விமானத்தின் வேகம் ஏறக்குறைய மும்மடங்கு ஆயிற்று. அதற்குப் பின் கழிந்த அறுபது ஆண்டுகளிலோ அது அநேகமாக அங்கேயே நின்றுவிட்டது. இன்று நாம் ஏறும் விமானமும் 830 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கின்றது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்புத் திடீரென மிகுந்து, எரிபொருளைக் கணக்கின்றி விழுங்கும் என்பதே காரணம். ஆகையால் இந்த அறுபது ஆண்டுகளில் பொறியாளர்கள் வேகத்தைத் தேடவில்லை, சிக்கனத்தைத் தேடினார்கள். அந்தச் சிக்கனத்தாலும், 1994இல் தனியார் நிறுவனங்களுக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டதாலும், 2003க்குப் பின் குறைந்த கட்டண விமானங்கள் பெருகியதாலுந்தான் நம் வீட்டுப் பேரன் 'இரண்டே முக்கால் மணி' என்று அலட்சியமாகச் சொல்லும் நிலை வந்தது.

இவ்வழியில் ஒரு துயர நாளும் உண்டு. 1973ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், சென்னையிலிருந்து தில்லிக்கு வந்த போயிங் விமானம், மோசமான வானிலையில் பாலம் நிலையத்தில் இறங்க முற்பட்டபோது வீழ்ந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அவர்களுள் ஒருவர். தலைநகரில் வாழ்ந்த தமிழர் பலர் அவ்விரவை நெடுங்காலம் மறக்கவில்லை. இன்று பனிமூட்டத்திலும் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் கருவிகள் தில்லியில் உள்ளன. அப்படியிருந்தும் மார்கழி, தை மாதங்களில் தில்லி விமானங்கள் மணிக்கணக்கில் தாமதப்படுவதை நாம் அறிவோம். தாமதத்தைச் சபிப்பவர்கள், தாமதம் எதனைத் தவிர்க்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இரண்டே முக்கால் மணி என்பதன் உட்கணக்கைப் பார்ப்போம். 1,760 கிலோமீட்டரை 830ஆல் வகுத்தால் இரண்டு மணி ஏழு நிமிடந்தான் வருகின்றது. மீதி நேரம் எங்கே போயிற்று? விமானம் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்திற்கு ஏறுவதற்கு இருபது நிமிடத்திற்கு மேல் ஆகும். அப்போது முழு வேகம் இராது. இறங்குவதும் அவ்வாறே, சென்னைக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு முன்பிருந்தே, அதாவது நெல்லூருக்கு வடக்கேயே, அது தாழத் தொடங்கிவிடும். இவ்விரண்டிலும் ஒரு கால் மணி கரையும். தில்லியிலே வாயிலிலிருந்து பின்னே தள்ளப் பெற்று, ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் சென்று, முன்னே நிற்கும் விமானங்களுக்கு வழிவிட்டு மேலெழும்புவதற்குப் பதினைந்து, இருபது நிமிடம். சென்னையில் இறங்கிய பிறகு நிற்குமிடம் சேரப் பத்து நிமிடம். சீட்டில் அச்சிட்ட நேரம் இவையனைத்தையும் சேர்த்ததே. சக்கரத்தின் அடியிலிருந்து முட்டுக்கட்டையை எடுத்தது முதல் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கும் வரை. ஆகவே, 'விமானம் மேலே எழும்பியே அரைமணி தாமதம். ஆயினும் குறித்த நேரத்திற்கு வந்துவிட்டோமே' என்று வியப்பதற்கு இடமில்லை. நிறுவனத்தார் முன்கூட்டியே சிறிது நேரத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் அட்டவணை போடுகின்றார்கள்.

மும்பையிலிருந்து கொல்கத்தா செல்லும் அன்பர்கள், போகும்போது விரைவாகவும் திரும்பும்போது மெதுவாகவும் விமானம் செல்வதாகச் சொல்வதுண்டு. அது வெறும் மனப்பிரமை அன்று. பனிக்காலத்தில் வட இந்தியாவின் மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் கடும் வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகின்றது. அது கிழக்கே செல்வோரைத் தள்ளிவிடும், மேற்கே வருவோரைத் தடுக்கும். தில்லி-சென்னை வழி வடக்குத் தெற்காக இருப்பதால், அக்காற்று நமக்குக் குறுக்கே வீசுகின்றது. போவதிலும் வருவதிலும் நேர வேறுபாடு சிறிதே. மழைக்காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மற்றொரு காற்றாறு ஓடுகின்றது. 1950களில் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் கோடேசுவரம் என்னும் இந்திய வானிலை அறிஞர்.

இதுவரையில் சொன்னது விமானத்தின் கணக்கு. இனிச் சொல்லப் போவது வீட்டின் கணக்கு.

தந்தி என்ற ஒன்று 2013ஆம் ஆண்டு சூலை மாதத்தோடு இந்நாட்டில் நின்றுபோயிற்று. அது இருந்த காலத்தில், தில்லித் தமிழர் வீட்டு வாயிலில் தந்திச் சேவகர் சைக்கிள் மணி ஒலித்தாலே அடுப்பில் வைத்ததை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருவார்கள். 'தகப்பனார் அபாய நிலை. உடனே புறப்படு' என்றிருக்கும். அபாய நிலை என்றால் என்ன பொருள் என்பது பெரும்பாலும் யாவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது போலப் பெட்டி கட்டுவார்கள். கைமாற்று வாங்கி, அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்து, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே இரண்டு இரவுகள் சென்று, சென்னையில் இறங்கி, எழும்பூருக்கு ஓடி, மறுபடி ஓர் இரவு. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ வீட்டு வாயிலை மிதிக்கும்போது எல்லாம் முடிந்து மூன்று நாட்கள் ஆகியிருக்கும். ஊரில் யாரும் காத்திருக்கவில்லை. காத்திருப்பார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே முறை. தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்திருப்பார். வடக்கே சென்ற மூத்த மகன் பத்தாம் நாள் காரியத்திற்கு வந்து சேர்ந்தால் போதும் என்று ஊராரும் அமைந்தார்கள். தாயின் முகத்தையும் தந்தையின் முகத்தையும் இறுதியாகக் காணாத மக்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர்! கரோல் பாகில் நெடுங்காலம் குடியிருந்த பெரியவர் ஒருவர், "எங்கள் அம்மா முகம் எனக்கு நான் கடைசியாக இரயில் ஏறிய நாளில் இருந்த முகந்தான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

இன்று நிலைமை வேறு. கைப்பேசியில் அழைப்பு வருகின்றது. "அண்ணா, அப்பா போய்விட்டார். நீங்கள் வருகிறவரையில் எடுக்க மாட்டோம், புறப்பட்டு வாருங்கள்" என்று தம்பி சொல்கின்றான். வாடகைக்குக் கிடைக்கும் ஐஸ் பெட்டி சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. விமானமும் ஐஸ் பெட்டியும் சேர்ந்து நம் வழக்கத்தையே மாற்றிவிட்டன. பிள்ளைகள் வந்து சேராமல் எடுப்பது முறையன்று என்பது இப்போது பல வீடுகளில் புதிய முறை ஆகிவிட்டது. இதனால் நமக்குக் கிடைத்த ஆறுதல் பெரிது, பொறுப்பும் பெரிது. முன்பு வர இயலாதவனை ஊர் மன்னித்தது. இன்று வராதவனைத் தூரத்தைக் காரணம் காட்டி யாரும் மன்னிப்பதில்லை. கையில் பணம் இல்லாமையால் வராதவன், 'நேரம் கிடைக்கவில்லை' என்று சொல்லிப் பழியேற்க வேண்டியதாகின்றது. ஏனெனில் உடனடிச் சீட்டின் விலை பல மாதங்களுக்கு முன் வாங்கும் சீட்டைப் போலப் பன்மடங்கு இருக்கும். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை ஆகிய காலங்களில் சொல்லவே வேண்டா. இக்காரணத்தால், இரண்டு பேருக்கான உடனடிப் பயணச் செலவைத் தனியே எடுத்து வைத்திருப்பது வயது முதிர்ந்த பெற்றோரை ஊரில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம் என்பது என் கருத்து. நகைச் சீட்டுக் கட்டுவதைக் காட்டிலும் இது முந்தியது.

நேரத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரவு பத்து மணிக்குச் செய்தி வருகின்றதென்று கொள்வோம். கடைசி விமானம் கைக்கு எட்டாது. விடியற்காலை விமானத்தில் இடம் கிடைக்கின்றது. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது பொது வழக்கம். ஆதலால் வீட்டைவிட்டு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். ஆறு மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் ஒன்பது மணி. அங்கிருந்து கும்பகோணத்திற்குச் சாலை வழியே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ஆறு மணி நேரம். மாலை மூன்று மணிக்கு வீட்டை அடையலாம். செய்தி வந்ததிலிருந்து பதினேழு மணி நேரம் ஆகின்றது. அதில் விமானத்தின் பங்கு மூன்று மணிக்கும் குறைவு. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கிவிட்டது. காத்திருக்கும் இரவும், சென்னைக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தூரமுமே இன்று நீளம்.

ஆகையால் சென்னைதான் தமிழ்நாட்டின் ஒரே வாயில் என்று எண்ணிவிடலாகாது. நாகர்கோயிலைச் சேர்ந்தவர்கள் சென்னையில் இறங்கினால் இன்னும் ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கினால் எழுபது கிலோமீட்டர்தான். கொங்கு நாட்டவர்க்குக் கோயம்புத்தூருக்கு நேர் விமானம் உண்டு. தஞ்சை மாவட்டத்தார் திருச்சிராப்பள்ளியையும், நெல்லைச் சீமையார் மதுரை, தூத்துக்குடி நிலையங்களையும் பார்த்துக்கொள்ளலாம். இடையில் ஒரு நகரத்தில் விமானம் மாற நேரினும், நேரம் பெரும்பாலும் மிச்சப்படும். இந்தக் கணக்கை அமைதியான நாளொன்றில் போட்டு, எந்த நிலையம், அங்கிருந்து எந்த வண்டி என்று ஒரு தாளில் எழுதிப் பீரோவின் உட்கதவில் ஒட்டி வைத்தல் நன்று. துயர் வந்த இரவில் எவருக்கும் கணக்கு ஓடாது.

எதிர்த்திசையிலும் ஒரு தேவை உண்டு. முதியவர் ஒருவர் இங்கேயே காலமாகி, சொந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பமாயின், உடலைச் சரக்குப் பகுதியில் விமானங்கள் ஏற்றிச் செல்கின்றன. மருத்துவரின் இறப்புச் சான்று, உடல் கெடாதிருக்கப் பதம்செய்த சான்று, காவல் நிலையத்தின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவை வேண்டும். பதம்செய்யும் பணியைப் பெரிய மருத்துவமனைகளின் உடற்கூறியல் துறையினர் செய்கின்றனர். இவற்றுக்காக அலைவதற்கு வீட்டார் அல்லாத இருவர் வேண்டும். நம் சங்கத்து இளைஞர்கள் முன்வர வேண்டிய இடம் இதுவே.

இயற்கை தடுத்தால் இந்தக் கணக்குகள் யாவும் பொய்க்கும் என்பதும் உண்மை. 2015 டிசம்பர்ப் பெருமழையில் ஓடுபாதையை வெள்ளம் மூழ்கடிக்க, சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டுக் கிடந்தது. அப்போதும் சிலர் பெங்களூரில் இறங்கிச் சாலை வழியே வந்து சேர்ந்தார்கள்.

மகிழ்ச்சியாகச் செல்லும் நாளுக்கும் ஒரு குறிப்புச் சொல்லி வைக்கிறேன். தெற்கு நோக்கிக் காலையில் பறக்கும்போது வெயில் இடப்புறம் அடிக்கும். குழந்தைகளை வலப்புறச் சன்னலில் அமர்த்துங்கள். வானம் தெளிவாயிருப்பின், பாதி வழிக்கு மேல் சென்று கிருஷ்ணையைக் கடக்கும் வேளையில் நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கம் அப்பக்கமே தெரியக்கூடும். இறங்கத் தொடங்கியதும் இடப்புறம் பார்த்தால் பழவேற்காட்டு ஏரி. தரையில் ஊரும்போது பரங்கிமலையைச் சுட்டிக் காட்டி லாம்டனின் சங்கிலியைப் பற்றிச் சொல்லலாம். வெளியே வந்ததும் மெட்ரோ இரயில் நிலையம் எதிரிலேயே இருக்கின்றது; எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் அதில் செல்லலாம். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் 2023ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப் பெற்ற கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அது விமான நிலையத்திற்குத் தெற்கே, தாம்பரத்தையும் தாண்டி, வண்டலூரை அடுத்து இருக்கின்றது. பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய்த் திரும்பினால், ஆகாயத்தில் மிச்சம் பிடித்த இரண்டு மணி நேரத்தைச் சாலையில் கொடுத்துவிட நேரும்.